தரினா யாருக்குக் குனிந்தாள்

புதிதாக நீலக் கோட்டுப் போட்டுக்கொண்டு பாயின் ஓரத்தில் நிற்கப் போகும் உங்களுக்கு முதலில் ஒரு நல்ல செய்தி. கராத்தே நடுவருக்கு வேண்டிய விதிகள் எல்லாம் ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டன. கழுத்துப்பட்டியின் நிறம், சப்பாத்தின் அடி, மோதிரம் போடலாமா கூடாதா, எந்தக் கையில் எந்தக் கொடி, எல்லாவற்றுக்கும் விதிப்புத்தகத்தில் ஒரு பந்தி உண்டு. கெட்ட செய்தி என்னவென்றால், பின்னாளில் உங்களை நிம்மதியாக இருக்கவிடாத விடயம் எதுவும் அந்தப் பந்திகளில் இல்லை.

நான் வார நாட்களை மொன்றியல் பக்கத்துப் புவாண்ட்-கிளேரில் ஒரு களஞ்சியத்தின் தரக்கட்டுப்பாட்டு அலுவலகத்தில் கழித்தேன். வார இறுதிகளைப் பாயில் கழித்தேன். இரண்டிலும் ஒரே வேலைதான். மற்றவர்கள் பாடுபட்டுச் செய்வதைச் சும்மா நின்று பார்த்துவிட்டு, செல்லும் அல்லது செல்லாது என்று சொல்வது. களஞ்சியத்தில் ஓய்வூதியம் தந்தார்கள். பாயில் ஒரு மரக்கேடயம் தந்தார்கள். அது வாகனக் கொட்டிலில் குளிர்காலச் சக்கரங்களுக்குப் பின்னால் பத்திரமாக இருக்கிறது.

எனக்கு இந்தத் தொழிலைப் பழக்கியவர் ஒரு கிழ நடுவர். அவருடைய பெயர் வேண்டாம். உயிரோடு இருந்திருந்தால் அவரே வேண்டாமென்றிருப்பார். அவர் காலத்தில் ஒருமுறை சென்-லெனார்ட் பக்கத்துச் சகோதரர்கள் இருவர் எதிரெதிரே வந்து நின்றார்களாம். ஏதோ ஒரு கலியாண வீட்டில் பேச்சு அறுந்தவர்கள். அடிபடத் தயார், ஆனால் ஒருவருக்கொருவர் வணக்கம் சொல்லமாட்டோம் என்றார்கள். எங்கள் விளையாட்டில் குனிந்து வணங்காமல் போட்டி தொடங்காது, முடியவும் முடியாது. மறுப்பவன் வெளியே. கிழவர் என்ன செய்தாரென்றால், வழக்கமாக நிற்கும் இடத்திலிருந்து சற்று முன்னால் வந்து, இருவருக்கும் நடுவில், ஓர் எட்டு விலகி நின்றுகொண்டு கட்டளை கொடுத்தார். இருவரும் குனிந்தார்கள். தம்பி அண்ணனுக்குக் குனியவில்லை, அண்ணன் தம்பிக்குக் குனியவில்லை, இரண்டு பேரும் கிழவருக்குக் குனிந்தார்கள். மூலைகளில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்த நடுவர்களுக்கோ ஒழுங்கான வணக்கம் ஒன்று தெரிந்தது. "நாலு மூலையிலிருந்தும் வணக்கமாகத் தெரிந்தால் அது வணக்கம்தான்," என்பார் கிழவர். எங்கள் தொழிலின் மூளை முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் இருப்பதாக நான் நம்பிக்கொண்டிருந்தேன். எங்கள் தொழிலின் முட்டாள்தனமும் அதற்குள்தான் இருந்தது. அதைக் கண்டுபிடிக்க எனக்குத் தரினா தேவைப்பட்டாள்.

தரினா உக்ரைன்காரி. போர் பெரிதாக வெடித்த வருடம் மொன்றியலில் இருந்த சித்தியிடம் வந்து சேர்ந்தவள். வரும்போதே ஐரோப்பியப் பதக்கங்கள் வைத்திருந்தாள். எதிராளி வரும்வரை பொறுத்திருந்து, வந்த கணத்தில் அடிக்கும் வகை. அவளுடைய இடது கால் எப்போது தரையை விட்டது என்பதை மூலை நடுவர்கள் பலமுறை கண்டதில்லை. அது தரைக்குத் திரும்பியதைத்தான் கண்டிருக்கிறார்கள். டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் ஒரு பயிற்சிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுத்தாள். இந்த நாட்டு நடைமுறைகளில் ஏதாவது சந்தேகம் வந்தால் என்னிடம் கேட்பாள். நடைமுறையைப் பற்றி என்னிடம் கேட்பவர்கள் குறைவு. கேட்டவர்கள் பதில் முடியும்வரை நிற்பது அதைவிடக் குறைவு. அவள் நிற்பாள்.

ஆனால் பத்திரிகைகளுக்கு அவள் விளையாட்டு வீராங்கனை அல்ல, ஒரு செய்தி. நேர்காணலுக்கு வந்தவர்கள் அபாயச் சங்கு எப்படி ஒலிக்கும் என்று கேட்டார்கள். நிலவறையில் எப்படி நித்திரை கொண்டாய் என்று கேட்டார்கள். இடது காலைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. ஒரு படத்தில் அவளை இடிந்த செங்கல் சுவருக்கு முன்னால் வெள்ளை உடையுடன் நிறுத்தியிருந்தார்கள். பார்த்தவர்கள் கண்ணீர் விட்டார்கள். அந்தச் சுவர் இங்கே மொன்றியலில், லஷீனில் திருத்தவேலை நடந்துகொண்டிருந்த ஒரு பழைய கட்டடத்தினுடையது.

"கதை கேக்க வாறவங்களுக்கு நான் அழவேணும். அடிக்கிறது அவங்களுக்குத் தேவையில்லை," என்று ஒருமுறை சொன்னாள். ஆங்கிலத்தில்தான் சொன்னாள். என் காதில் அது யாழ்ப்பாணத்துப் பெட்டை ஒருத்தி சொல்வதுபோலத்தான் விழுந்தது.

அந்த ஆண்டு மொன்றியலில் ஒரு சர்வதேசத் திறந்த போட்டி நடந்தது. அவளுடைய நாட்டுச் சங்கம் அவளுக்குச் சொல்லியிருந்தது இதுதான்: அங்கே தங்கம் எடுத்தால் உலகப் போட்டிக்குப் போகும் அணியில் மிஞ்சியிருக்கும் இடம் உனக்கு. அதற்குப் பிறகு வயது இடம் கொடுக்காது என்று அவளுக்கும் தெரியும். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான். நாட்டின் எழுத்துக்களை முதுகில் ஒட்டிக்கொண்டு, செங்கல் சுவர் எதுவும் பின்னால் இல்லாமல், கடைசியாக ஒருமுறை ஒரு பெரிய பாயில் ஏறுவது.

இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டாள். எதிரே வந்தவள் ரஷ்யப் பெண். கொடியில்லாமல், நாட்டுப் பெயரில்லாமல், நடுநிலை என்ற பெயரில் அனுமதிக்கப்பட்டவள். முதுகு வெறும் வெள்ளை. இருபது வயதைக் கொஞ்சம் தாண்டியிருப்பாள். உடலைச் சூடாக்கும் பயிற்சி செய்யும் இடத்தில் யாரையும் பார்க்காமல் சுவரைப் பார்த்துக் குதித்துக்கொண்டிருந்தாள்.

மதிய இடைவேளையில் நடுவர் குழுவின் தலைவர் என்னிடம் வந்தார். இந்த ஊர்க்காரர், நல்ல மனிதர், வில்லங்கம் வருமுன்பே வியர்ப்பவர். அந்தப் பாயின் நடுவர்களை மேற்பார்வை செய்யும் களத் தலைவர் நான். "நீங்கள் இலங்கையிலிருந்து வந்தவர். உங்களுக்கு இது விளங்கும்," என்றார். இந்த நாட்டில் உலகத்தின் எந்த மூலையில் எந்த இரண்டு கூட்டம் அடிபட்டாலும் விளக்கம் சொல்ல ஒரு தமிழனைத் தேடுவார்கள். எனக்கு விளங்கியது என்னவோ உண்மைதான். தொண்ணூறுகளில், நான் இன்னும் போட்டியில் இறங்கிக்கொண்டிருந்த காலத்தில், ரொறன்ரோவில் ஒருமுறை என் எதிரே வந்து நின்றவனின் நெஞ்சில் சிங்கக் கொடி இருந்தது. அந்த மாதம் எங்கள் ஊரில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கட்டளை வந்தது. என் கழுத்து வளைந்தது. வேறு எதுவும் வளையவில்லை. அடிபட்டோம், நான் தோற்றேன், வீட்டுக்குப் போனேன். என் அதிர்ஷ்டம், அந்தக் காலத்தில் கராத்தே பார்க்க வருபவர்களின் கையில் தேநீர்க் கோப்பைதான் இருந்தது.

தரினா ஒழுங்கைபோல நீண்ட அந்த நடைபாதையில் விரல்களுக்குப் பட்டி சுற்றிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழும்பினாள்.

"ஒரு விதி கேட்கவேண்டும். நான் அவளுக்குக் குனியாவிட்டால்?"

"போட்டி இல்லை. அவளுக்குத் தங்கம்."

"பாயை வணங்குகிறேன். உங்களை வணங்குகிறேன். கதிரையைக்கூட வணங்குகிறேன். அவளை முடியாது." பட்டியைப் பல்லால் கடித்து அறுத்தாள். "அவள் கெட்டவள் என்று சொல்லவில்லை. அவளை எனக்குத் தெரியாது. என்னைப் பழக்கியவர் இப்போது பதுங்குகுழியில் இருக்கிறார். அவர் இதைப் பார்ப்பார்."

எனக்குக் கிழவர் ஞாபகம் வந்தார்.

இறுதிப் போட்டிக்கு நடுவராக நியமிக்கப்பட்டிருந்தது சுதன். டொலார்ட்டில் வளர்ந்தவன், பிரெஞ்சில் கனவு காண்பவன், ஆனால் பயம் வந்தால் தமிழுக்கு வந்துவிடுவான். அன்று சுத்தத் தமிழில் இருந்தான்.

"அண்ணை, அவள் குனியாட்டி நான் என்ன செய்யிறது?"

"விதிப்படி வெளியில அனுப்புறது."

"அது எனக்கும் தெரியும். நான் விதியைக் கேக்கேல்லை, உங்களைக் கேக்கிறன்."

கிழவரின் உபாயத்தைச் சொன்னேன். தலையைச் சொறிந்தான்.

"அப்ப ரெண்டு பேருக்கும் நடுவில நான் விளக்குக் கம்பம் மாதிரி நிக்கிறதோ?"

"விளக்குக் கம்பம் இல்லை. மூலஸ்தானம் எண்டு நினை. ரெண்டு பேரும் உன்னைக் கும்பிடுவினம்."

"வீட்டில மனுசி ஒருநாளும் கும்பிட்டதில்லை. இண்டைக்காவது நடக்கட்டும்."

விதியை நான் இன்னொருமுறை மனத்துக்குள் புரட்டிப் பார்த்தேன். நடுவர் எவ்வளவு முன்னால் நிற்கக்கூடாது என்று எதுவும் இல்லை. வணங்கும்போது கண் எங்கே இருக்கவேண்டும் என்றும் இல்லை. தரினாவிடம் சொன்னேன், நடுவருக்கென்றால் குனிகிறேன் என்றாள். மறுபக்கத்துப் பயிற்சியாளரிடமும் போய், நடுவர் நடுவில் நிற்பார், கைகுலுக்கல் இல்லை, கட்டளை வந்ததும் குனிவது மட்டும்தான் என்று சொன்னேன். அவர் தோளைக் குலுக்கினார். பக்கத்தில் நின்ற அந்தப் பெண் மூச்சை வெளியே விட்டாள். அவளும் அன்று காலையிலிருந்து அந்தக் கணத்தைத்தான் நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

பாய் காலியாக இருந்தபோது ஒத்திகை பார்த்தோம். காணொளி மேசையில் இருந்த காயத்ரியைக் கூப்பிட்டோம். சென்னையிலிருந்து படிக்க வந்து, இங்கேயே கணினி வேலைக்குச் சேர்ந்த பெண். அவளை ரஷ்யப் பெண்ணாக நிறுத்தினோம். நான் தரினாவாக நின்றேன். சுதன் நடுவில்.

"சார், இன்னும் கொஞ்சம் குனியணும். முதுகு வலிக்குதா?"

"வலிக்குது."

"அப்ப சரி, அங்கயே நில்லுங்க, வளைஞ்ச மாதிரிதான் இருக்கு."

சுதன் ஒவ்வொரு மூலைக் கதிரையிலும் போய் உட்கார்ந்து பார்த்தான். பிறகு நான் உட்கார்ந்து பார்த்தேன். நாலு மூலையிலிருந்தும் வணக்கமாகத் தெரிந்தது. எங்கள் திறமையை நாங்களே மெச்சிக்கொண்டோம். தலைக்கு மேலே பார்வையாளர் மாடம் இருந்தது. மூவரில் ஒருவரும் அண்ணாந்து பார்க்கவில்லை. நடுவர்களுக்கு உலகம் ஒரு சதுரம், அதற்கு நாலு மூலை. அதற்கு வெளியே இருப்பது சத்தம் மட்டும்தான்.

போட்டி நடந்தது. ஐந்துக்கு இரண்டு என்று தரினா வென்றாள். தொடக்க வணக்கம் பிசகில்லாமல் நடந்தது. முடிவு வணக்கமும் அப்படித்தான். சுதன் முன்னால் வந்து நின்று கட்டளை கொடுத்தான். ரஷ்யப் பெண் சட்டென்று குனிந்து சட்டென்று நிமிர்ந்தாள், தோற்றவர்கள் எல்லாரும் செய்வதுபோல, சீக்கிரம் போய்விடவேண்டும் என்று. தரினா ஆறுதலாக, ஆழமாகக் குனிந்தாள். நடுவருக்குக் குனிகிறோம் என்ற நிம்மதியில், தன்னைப் பழக்கியவர் கற்றுக்கொடுத்த விதத்தில் குனிந்தாள். மண்டபம் கைதட்டியது. சுதன் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான். நான் அவனைக் கண்டிக்கவில்லை. கண் சிமிட்டுவதற்கும் ஒரு பந்தி உண்டு.

அடுத்த நாள் பகலில் காயத்ரி கூப்பிட்டாள்.

"சார், அந்தப் படத்தைப் பாத்தீங்களா?"

"எந்தப் படம்?"

"அனுப்பியிருக்கேன், பாருங்க. காலைலேருந்து எங்க திறந்தாலும் இதான் ஓடுது."

திறந்தேன். மாடத்திலிருந்து யாரோ தொலைபேசியால் எடுத்த படம். ரஷ்யப் பெண்ணின் முதுகுப் பக்கமாக, பக்கவாட்டில் இருந்து எடுத்தது. அந்தப் பெண் நேராக நிமிர்ந்து நிற்கிறாள். அவள் முன்னால் தரினா தலை தாழ்த்தி இடுப்புவரை வளைந்து நிற்கிறாள். முதுகில் நாட்டின் எழுத்துக்கள் தெளிவாகத் தெரிகின்றன. நடுவில், ஓர் எட்டு விலகி நின்ற சுதனைக் காணவில்லை. உற்றுப் பார்த்தால் இடது ஓரத்தில் ஒரு நீலக் கோட்டுக் கை, முழங்கைக்குக் கீழே மட்டும். அந்தக் கை யாருடையது என்று உலகத்தில் ஒருவரும் கேட்கவில்லை.

"கீழ என்ன எழுதியிருக்கு?"

"மொழிபெயர்த்துப் பாத்தேன் சார். வேணாம், விடுங்க."

விடவில்லை. வாசித்தேன். அந்தப் பக்கத்துக்காரர்கள் மகிழ்ச்சியில் பகிர்ந்தார்கள், இந்தப் பக்கத்துக்காரர்கள் ஆத்திரத்தில் பகிர்ந்தார்கள். இரண்டு பக்கமும் ஒரே விடயத்தில் இவ்வளவு ஒற்றுமையாக இருந்தது அந்தப் போர் தொடங்கியபின் அதுவே முதல்தடவையாக இருக்கலாம். யார் வென்றது என்று படத்தில் இல்லை. படத்தில் புள்ளிகள் தெரிவதில்லை. தரினா வளர்ந்த ஊரில் அவள் பழகிய கூடத்தின் சுவரிலிருந்து அவள் படத்தை யாரோ கழற்றினார்கள். பால் வாங்கும் இடத்தில் அவளுடைய தாயுடன் பேசுவதை நிறுத்தினார்கள். பதுங்குகுழியில் இருந்தவர் தொலைபேசியை எடுக்கவில்லை. எடுக்க முடியாத இடத்தில் இருக்கிறாரா, எடுக்க விருப்பமில்லையா என்பது அவளுக்குத் தெரியவில்லை. அதுதான் அவளை அரித்தது.

புவாண்ட்-கிளேரில் ஒரு கடைத்தொகுதியின் சாப்பாட்டு மண்டபத்தில் சந்தித்தோம். கோப்பியை வாங்கி வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தாள்.

"நான் யாருக்குக் குனிந்தேன் என்று உங்களுக்குத் தெரியும். சொல்லுங்கள். நடுவர் சொன்னால் நம்புவார்கள்."

நடுவர் ஒரு போட்டியைப் பற்றி வெளியே வாய் திறக்கக்கூடாது என்பது விதி. நான் விதியை மீறுபவன் அல்ல, அனுமதி கேட்பவன். குழுத் தலைவரிடம் போனேன். அவர் நான் சொன்னதை முழுவதும் கேட்டார். வழக்கம்போல வியர்த்தார். பிறகு மிகத் தெளிவாகப் பேசினார். வியர்க்கிறவர்களைக் குறைவாக எடைபோடக்கூடாது.

"நீங்கள் அன்று என்ன பார்த்தீர்கள்? இரண்டு பேரும் குனிந்தார்கள். அதுதான் என்னிடம் இருக்கிறது. அவள் எதிராளிக்குக் குனியவில்லை, நடுவருக்குத்தான் குனிந்தாள் என்று நீங்கள் பகிரங்கமாகச் சொன்னால், எதிராளியை வணங்க மறுத்தாள் என்று சொல்கிறீர்கள். மறுபக்கம் முறைப்பாடு வைக்கும். நான் விதியைத் திறந்தாகவேண்டும். திறந்தால் என்ன எழுதியிருக்கிறது என்று என்னைவிட உங்களுக்குத் தெரியும்."

தெரியும். வெற்றி பறிக்கப்படும். மனத்துக்குள் இருக்கும்வரை நோக்கத்துக்குக் கொடி இல்லை. வாயால் சொன்னால் அது குற்றம். நாலு மூலைக்கும் வணக்கமாகத் தெரியவேண்டும் என்று நாங்கள் பார்த்துப் பார்த்துச் செய்தது அவ்வளவு கச்சிதமாக அமைந்துவிட்டது. அதை வணக்கம் இல்லை என்று இனி நிரூபித்தால் அவளுக்குத்தான் தண்டனை.

சுதன் என் வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றாமலே நின்றான்.

"அண்ணை, நான் சொல்லுறன். என்னைத்தான் கும்பிட்டவள் எண்டு சொல்லுறன். நடுவர் கோட்டைப் பறிச்சாப் பறிக்கட்டும்."

"உன்ர கோட்டை ஆர் கேட்டது? அவளின்ர பதக்கத்தை எல்லோ பறிப்பாங்கள்."

"அப்ப சும்மா இருக்கிறதோ?"

"அவளைக் கேக்கவேணும்."

"பாவம் அண்ணை. நாங்கள் கெட்டித்தனம் எண்டு நினைச்சு..."

"இரு சுதன். தேத்தண்ணி குடி."

அவளைக் கேட்டோம். அதே சாப்பாட்டு மண்டபம். இந்தமுறை சுதனும் வந்தான். நான் நடைமுறையை ஒன்றும் ஒளிக்காமல் சொன்னேன். பேசினால் என்ன ஆகும், பேசாவிட்டால் என்ன ஆகும். அவள் நடுவில் ஒரு கேள்விதான் கேட்டாள்.

"என்னை எடுத்துவிட்டால் முதல் இடம் வெறுமையாக இருக்குமா?"

"இல்லை. இரண்டாவது ஆள் மேலே போவார்."

"அவள்."

"ஓம். அவள்தான்." அந்த 'ஓம்' தமிழிலேயே வந்துவிட்டது. அவளுக்கு விளங்கியது.

பக்கத்து மேசையில் யாரோ ஒரு பிள்ளைக்குப் பிறந்தநாள் பாட்டுப் பாடினார்கள், பிரெஞ்சில். தரினா அது முடியும்வரை பொறுத்திருந்தாள்.

"அப்படியென்றால் நீங்கள் ஒன்றும் பார்க்கவில்லை. இரண்டு பேரும் குனிந்தோம். என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். அந்தப் போட்டியை நான் வென்றேன். அதை அவளுக்குக் கொடுக்கமாட்டேன்."

"உங்கள் பயிற்சியாளர்?" என்று சுதன் கேட்டான். கேட்டிருக்கக்கூடாது.

"அவர் என்னை நம்பினால் நம்பட்டும்," என்றாள். அதன்பிறகு கோப்பியைக் குடித்தாள். ஆறிப்போயிருக்கும்.

அவள் வெற்றியை வைத்துக்கொண்டாள். அதனால் அணியில் இடம் கிடைத்திருக்கவேண்டும். கிடைக்கவில்லை. உலகப் போட்டிக்கு வேறொருத்தியின் பெயர் அறிவிக்கப்பட்டது. படத்தைப் பற்றி அவளுடைய சங்கம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. தற்போதைய ஆட்டத்திறனை முன்னிட்டு என்று சொன்னார்கள். இறுதிப் போட்டியில் தங்கம் வென்ற கையோடு ஆட்டத்திறன் போதாது என்று கேட்ட ஒரே ஆள் அவளாகத்தான் இருக்கும். ஆனால் நான் அவர்களைத் திட்டவும் முடியவில்லை. குண்டு விழும் ஊரில் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தவர்களுக்கு, மொன்றியலில் ஒரு நடுவரின் கை ஓரத்தில் வெட்டுப்பட்டது எப்படித் தெரியும்?

அவள் அதன்பின் போட்டியில் இறங்கவில்லை. என்னை ஓய்வு பெறச்சொல்லி விதி சொல்லவில்லை. வயது வந்தது, நானாகப் போனேன். அந்த உபாயம் பிழையா என்று பலர் கேட்கிறார்கள். அதைச் செய்யாவிட்டால் அவள் பாயில் ஏறாமலே தோற்றிருப்பாள், அவளுடைய ஊர் அவளைத் தோளில் தூக்கியிருக்கும். செய்ததால் வென்றாள், தூக்கி எறிந்தார்கள். எது நல்லது என்று தீர்ப்புச் சொல்லும் கொடி என்னிடம் இல்லை. கவலைதான் இருக்கிறது. உங்களுக்குப் பிரயோசனமாக ஒன்று சொல்லலாம். ஒரு சிக்கலைக் கெட்டித்தனமாகத் தீர்த்துவிட்டோம் என்று தோன்றும்போது, மூலைக் கதிரைகளில் உட்கார்ந்து பார்த்தது போதாது. படியேறி மாடத்துக்குப் போய், சீட்டு வாங்கி வந்த ஒருவர் இருக்கும் இடத்தில் ஒருமுறை உட்காருங்கள். அங்கே உங்கள் விதிகள் யாருக்கும் தெரியாது. உங்களையும் தெரியாது. சில வேளை நீங்கள் படத்திலேயே இல்லை.

இதை உங்களுக்குச் சொல்வதற்கு முன் அவளிடம் கேட்கப் போனேன். முடிவை மாற்றக் கோரும் காலம் எல்லாம் கடந்துவிட்டது, இனிப் பதக்கத்துக்கு ஆபத்தில்லை. இப்போது புரோசார்ட்டில் ஒரு வாடகை மண்டபத்தில் பெரியவர்களுக்கு வகுப்பு எடுக்கிறாள். வேலை முடிந்து வரும் கணக்காளர்கள், தாதிகள், ஒரு பல் வைத்தியர். நான் போனபோது வகுப்பு முடிந்து, பாய்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நடுவர்களுக்குச் சொல்லுங்கள்," என்றாள். "பத்திரிகைக்கு வேண்டாம்."

"இப்போது சொன்னால் உங்கள் பெயர்..."

"படத்தை நம்பினவர்கள் விளக்கத்தை வாசிக்கமாட்டார்கள். அவர்களுக்கு நேரமில்லை." துணியைப் பிழிந்தாள். பிறகு என்னைப் பாராமலே சொன்னாள். "அவர் போன மாசம் எடுத்தார். தொலைபேசியை."

பதுங்குகுழியில் இருந்தவர்.

"காலில் காயம், மருத்துவமனையில் இருக்கிறார். படுத்திருக்க நேரம் இருந்ததாம், முழுப் போட்டியையும் தேடி எடுத்துப் பார்த்தாராம். படத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. இரண்டாவது புள்ளி எடுக்கும்போது இடது கை ஏன் கீழே இறங்கியது என்று கேட்டார். ஒரு மணித்தியாலம் அதைப் பற்றியே ஏசினார்."

சிரித்தாள். அவள் சிரித்து நான் அதற்கு முன் கண்டதில்லை. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அந்த இரண்டாவது புள்ளியை ஞாபகப்படுத்தப் பார்த்தேன். வரவில்லை. முதலாவதும் வரவில்லை. அந்த இறுதிப் போட்டியின் தொடக்க வணக்கம் ஞாபகம் இருந்தது, முடிவு வணக்கம் ஞாபகம் இருந்தது, சுதனின் சப்பாத்து எங்கே நின்றது என்பதும் ஞாபகம் இருந்தது. நடுவில் இரண்டு பெண்கள் உயிரைக் கொடுத்து அடிபட்டார்கள். அந்தப் பாயின் களத் தலைவர், விதிகள் முழுவதும் மனப்பாடமாகத் தெரிந்தவர், அடுத்த வணக்கத்தைப் பற்றி யோசித்துக்கொண்டு இருந்திருக்கிறார். படத்தைப் பார்த்துத் திட்டியவர்களும் நானும் அவளிடம் பார்த்தது ஒரே விடயத்தைத்தான்.

"உங்களுக்கு ஞாபகம் இருக்குமே, அந்தப் புள்ளி," என்றாள்.

"இல்லை," என்றேன். "நான் பார்க்கவில்லை."

அவள் துணியை வாளியில் போட்டாள். ஈரப் பாயின் நடுவில் போய் நின்று, அங்கே இல்லாத ஒருத்தி வரும்வரை பொறுத்தாள். பிறகு இடது கால் எழும்பியது. கை கொஞ்சம் இறங்கத்தான் செய்தது, அந்த மனிதர் சொன்னது சரி. ஆனாலும் நல்ல புள்ளி. கால் தரையை விட்ட கணத்தை இந்தமுறை நான் கண்டேன்.